கார்பாலிக் வாடை

சின்னமனூர், 11 ஜூலை 1938

இரண்டு நாளாகச் சாரல். பிச்சையம்மாளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாளாகிறது, இன்னும் பால் சுரக்கவில்லை. பார்க்கப் போனேன். மாமியார் கருத்தம்மாள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஒங்க செவப்புச் சோப்பு வாடைதான் பாலை வத்த வச்சிருச்சு நர்சம்மா. அதுல ஏதோ மருந்தக் கலக்குறாகளாமே?"

பிரசவத்துக்கு முன் நான் கை கழுவுகிற கார்பாலிக் சோப்பைச் சொல்கிறாள். உள்ளே பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.

13 ஜூலை

வாய்க்கால் படித்துறை முழுக்க இதே பேச்சு. நான் போனதும் நிறுத்திக்கொண்டார்கள்.

14 ஜூலை

சோப்பு வாடையால் பால் வற்றாது என்று எனக்கு எப்படித் தெரியும்? வற்றும் என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் இல்லை என்று ஆகிவிடுமா? அவர்கள் கேட்டதை நம்புகிறார்கள். நான் மட்டும் என்ன செய்கிறேன்?

போய் விசாரித்துவிடுவது.

17 ஜூலை

மூன்று நாளாக வீடு வீடாக நடந்தேன். கால் வீங்கிவிட்டது. இந்த வருஷம் இந்தத் தெருக்களில் முப்பத்தொரு பிரசவம். நான் பார்த்தது பத்தொன்பது. அதில் பால் இல்லாமல் போனது இரண்டு பேருக்கு. ஊர் மருத்துவச்சி ஜக்கம்மா பார்த்தது பன்னிரண்டு, அதிலும் இரண்டு. ஜக்கம்மா சோப்பைத் தொட்டதே கிடையாது.

கருத்தம்மாளிடம் சொன்னேன்.

"கணக்கு ஒங்க நோட்டுல இருக்கு. பசிச்சு அழுகுறது எங்க வீட்டுல."

பிள்ளையை எப்போது மார்பில் போட்டீர்கள் என்று கேட்டேன். நாலாம் நாள். அதுவரை சீனித்தண்ணீர். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டார்கள். தாய்க்குக் குடிதண்ணீர்கூட அளந்துதான். பிறந்த அன்றே மார்பில் போடச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் — ஆனால் மறுநாள் போய்ப் பார்க்கவில்லையே. அது என் தப்பு.

தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள், அழும்போதெல்லாம் மார்பில் போடுங்கள், பால் இறங்கும்வரை ஆட்டுப்பாலைக் காய்ச்சிப் புகட்டுங்கள் என்றேன். கருத்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிச்சையம்மாள் தலையாட்டினாள்.

22 ஜூலை

உச்சிப்பொழுதில் சுருளியாண்டி ஓடிவந்தான். அவன் மனைவி ராஜாத்திக்குத் தலைப்பிரசவம்.

"வாங்கம்மா. ஆனா அந்தச் சோப்பு மட்டும் வேணாம்."

கழுவாத கையால் தொடமாட்டேன் என்றேன். அதனால் வரும் பிரசவ ஜன்னியில் ஒருத்தி துடித்துச் செத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவன் வீட்டு வாசல்வரை போயும் வாதம் ஓயவில்லை. ஐயோ, நேரம் போகுதே — பிடிவாதம் பிடிச்சு நானே அவளைக் கொன்னுருவேனோ?

உள்ளேயிருந்து ராஜாத்தி கத்தினாள்: "வலிக்கிறது எனக்குய்யா! அவுக கையக் கழுவிட்டு உள்ள வரட்டும்!"

சுருளியாண்டி விலகி நின்றான்.

பெண் குழந்தை. அரை மணிக்குள் மார்பில் போட்டேன். யாரும் தடுக்கவில்லை.

23 ஜூலை

ராஜாத்தியைப் போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

29 ஜூலை

பிச்சையம்மாளுக்குப் பால் இறங்கிவிட்டது. பூண்டுக் கஞ்சியால்தானாம். போகட்டும்.

12 ஆகஸ்ட்

காலையில் கருத்தம்மாளே மூச்சிரைக்க வந்து நின்றாள். தம்பி மகளுக்கு வலி எடுத்திருக்கிறதாம்.

"சோப்புப் பயம் போயிருச்சா ஆத்தா?"

"சோப்பு கெட்டதுதான். ஒங்க கைராசி அந்த வெசத்த முறிச்சிருது. ராசாத்திக்கு ஒண்ணும் செய்யலையே!"

மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, வலி எப்போதிருந்து என்று கேட்டேன்.

"வெள்ளனயே எடுத்துருச்சு."

வேகமாக நடந்தோம். என் பையை அவளே வாங்கிச் சுமந்துகொண்டாள்.