தோளில் இருந்த கை

மார்ச் 4

கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். துணி மடிக்கிற வாயாடி போனை நீட்டினாள். "அக்கா, இது உங்க வீட்டுக்காரர்தானே?"

அவரேதான். அதே கோணல் பல் சிரிப்பு. விளம்பரம். கீழே இருந்ததை வாசித்தேன்: "என் சர்க்கரையை வென்றுவிட்டேன்!"

சர்க்கரையில் கால் போய், பின்னால் ஆளும் போய், வருஷம்கூட ஆகவில்லை. வென்றாராமா?

யாருடைய சட்டையோ தீய்ந்துவிட்டது.

மார்ச் 6

தினமும் சர்க்கரை அளவைக் குறித்து வைக்க அவர் வைத்திருந்த ஆப் அது. முகப்பில் தன் படத்தைப் போட்டிருந்தார். கம்பெனிக்குப் பேசினேன். ஒரு பெண், தேனொழுகப் பேசினாள்.

"அவர் சம்மதம்னு அழுத்தியிருக்காரும்மா. அவரே சொன்னாதான் எடுக்க முடியும்."

"அவர் செத்துட்டாரும்மா."

"அப்போ வேற யாரும் கேக்க முடியாதும்மா."

செத்த மனுஷன் எழுந்து வந்து கேட்கணுமா? என்ன அநியாயம்டா இது!

மார்ச் 7

அவர் படம் ஒன்றைக்கூட நான் சுவரில் மாட்டவில்லை. பார்க்கத் தெம்பில்லை. ஊரே பார்க்கிறது. விடமாட்டேன்.

மார்ச் 15

இலவசமாக வழக்குப் பார்க்கும் வக்கீலம்மாவிடம் போனேன். ஆப்காரர்கள் நம் விவரத்தை என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று புதுச் சட்டம் எழுதுகிறார்களாம். ஜனங்களும் வந்து பேசலாமாம். "ஆனா அதுல உயிரோட இருக்கிறவங்களுக்குன்னுதான் போட்டிருக்கு" என்றாள்.

அப்போ செத்தவங்க முகம் புறம்போக்கா?

ஏப்ரல் 2

கூட்டம். புதுச் சட்டம் எழுதுகிறவர்கள் முன்னால் எழுந்து விளம்பரத்தைப் பற்றிச் சொன்னேன். கம்பெனி வக்கீல் சிரித்தபடி கேட்டார்: "இறந்தவருக்கு என்னம்மா அந்தரங்கம்? உங்களுக்கு இதுல என்ன நஷ்டம்?"

வாயாடி அச்சடித்துக் கொடுத்த விளம்பரத்தைத் தூக்கிப் பிடித்தேன். அவர் தோளில் ஒரு கை இருக்கிறது. மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. என் கையைப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என் கைங்க. நான் சாகல. என்னைக் கேட்டீங்களா?"

கம்பெனி வக்கீல் பக்கத்து ஆளிடம் குனிந்தார். "கையை மட்டும் வெட்டிட்டா முடிஞ்சுது." மைக்கை அணைக்க மறந்துவிட்டார். எல்லார் காதிலும் விழுந்தது.

கூட்டத்தை நடத்தின தலைவரம்மா பேனாவைத் திறந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. சட்டத்துல என்ன போடணும்?"

"செத்தவங்களுக்காக வீட்டு ஆளுங்க கேக்கலாம்னு போடுங்க. அவ்வளவுதான்."

ஏப்ரல் 9

விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். தேன்குரல்காரி பேசினாள். "இப்போ திருப்திதானேம்மா? அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டீங்கல்ல?"

"முதல் ஆளா வருவேன்" என்றேன்.

மே 21

போனேன். பேசினேன்.

நவம்பர் 18

சட்டம் வந்துவிட்டது. வக்கீலம்மா அந்த வரியை வாசித்துக் காட்டினாள். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். வாயாடி கடை முழுக்கத் தமுக்கடிக்கிறாள், அவளே எழுதின மாதிரி.

வரும் வழியில் அவர் போனைக் கொடுத்து அந்தப் படத்தை முழுசாக அச்சுப் போட்டு வாங்கினேன். கண்ணாடிச் சட்டமும் போட்டாயிற்று. ஆணி கொஞ்சம் கோணல்தான். பரவாயில்லை. கையும் தோளுமாக மாட்டிவிட்டேன்.