வலது கண்ணாடியின் சிவப்புத் துணி

மச்சான்,

இன்று காலை வண்டியைப் பின்னால் எடுத்து வாசலைத் தாண்டும்போது என் வலது பக்கத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. நேற்று மதுரைக்குப் போய்வந்த அலுப்பு. கண் திறந்திருந்ததே தவிர நான் விழிக்கவில்லை. பிரேக்கை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நீ தைத்த உறை பக்கக் கண்ணாடியில் அப்படியே மாட்டியிருக்கிறது. அதன் முகத்தில் நீ வைத்துத் தைத்த சிவப்புத் துணி. இடது கண்ணாடியின் உறை மட்டும் என் சட்டைப் பையில் இருந்தது.

இறங்கி அதைக் கழற்றினேன். பல மழைக்காலம் பார்த்த ரெக்சின், விறைத்துப்போய் மடிப்போடு கிழிந்து கையில் வந்தது. ஈர ரெக்சின் வாடையும் மெழுகு வாடையும் சேர்ந்து அடித்தன. கடைசிக் காலத்தில் நீ உட்கார்ந்த இடமெல்லாம் இந்த வாடைதான். வண்டியின் மேல் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, சோலி இருக்குன்னீங்களே, கெளம்பலையா என்று கேட்டாள். இன்றைக்கு முடியாது என்றேன். டாக்சி ஸ்டாண்டுக்குச் சொல்லியனுப்பி, ஓட்டலில் காத்திருந்தவர்களுக்கு வேறு வண்டி போகச் செய்தேன். பிறகு பழைய சீட்டிலிருந்து உரித்து வைத்திருந்த ரெக்சினையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு, பேரிக்காய் மரத்தடியில் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இடது உறையும் நைந்துதான் இருந்தது, இரண்டுக்கும் புதிதாகத் தைக்க வேண்டும். நீ போன பிறகு இதுவும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது.

கண்ணாடிக்கு உறை என்றால் மலைக்குக் கீழே வத்தலக்குண்டில்கூடச் சிரிப்பார்கள். இந்த அம்பாசிடரை நாம் பாதிப் பாதியாக வாங்கியபோது அதில் பக்கக் கண்ணாடியே கிடையாது. மதுரையில் வட்டமாக இரண்டு வாங்கி வந்து, இதே வாசலில் வைத்து நீதான் துளை போட்டு மாட்டினாய். மறுநாள் பேரிக்காய்க்கு வந்த குரங்கு கண்ணாடிக்குள் இன்னொரு குரங்கைப் பார்த்து, அதோடு சண்டைக்குப் போய், ஒன்றைப் பிடித்து முறுக்கித் தலைகீழாகத் திருப்பிவிட்டது. நான் கல்லை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, அதுக்கு என்ன விளங்கும், சொந்த மூஞ்சிய இப்பத்தான் பாக்குது என்றாய். அன்று சாயங்காலமே உன் பழைய கால்சட்டையின் காலை வெட்டி, வாயில் நாடா கோத்து இரண்டு பை தைத்துவிட்டாய். ஸ்டாண்டில் முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள். அப்புறம் குரங்கு அவரவர் வண்டியிலும் கைவைத்ததும், ஒவ்வொருவராக உன்னிடம் உறை கேட்டு வந்தார்கள்.

அதற்கு ஒரு சட்டமும் நீ போட்டாய். "ரெண்டு உறையும் கைக்கு வந்தாத்தான் சாவி. விளங்குதா மச்சான்?"

நீ சிலோனில் தேயிலைத் தோட்டத்து லாரி ஓட்டியவன். குடும்பத்தோடு கப்பலேறி வந்து இந்த மலையில் இறங்கியவன். வேறு எதை விட்டாலும் அந்த 'விளங்குதா'வை நீ விடவில்லை. நான் மேல்மலையில் பூண்டுக் காட்டை அண்ணன்களிடம் விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். ஒருவன் ஓட்டிவிட்டு வந்தால் அடுத்தவன் எடுப்பான். எடுப்பதற்கு முன் உறைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, பை கனக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொள்வோம். மற்ற டிரைவர்கள் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிடுவார்கள். நமக்குப் பையைத் தட்டுவதே போதுமாக இருந்தது.

பண்ணைக்காட்டுக்குப் போய்வந்த அந்த நாளை நீயும் மறந்திருக்க மாட்டாய். காப்பித் தோட்டத்தில் ஒரு கல்யாணம். ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்ட கையோடு நீ திரும்பினாய். மலை முழுக்க மூடுபனி. வண்டி வாசலுக்குள் நுழையும்போதே பார்த்துவிட்டேன், வலது கண்ணாடியில் உறை. போகும்போது மாட்டியிருந்தது, பெருமாள்மலை வளைவெல்லாம் சுற்றி இறங்கி, மறுபடி ஏறி, மாட்டியபடியே வந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கண்ணாடிக்குக் குளிருதாக்கும் என்று கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை. இறங்கி வந்து அதைக் கையால் தடவிப் பார்த்தாய். ஓட்டுகிறவனின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணாடி அது. தடவிவிட்டு அங்கேயே நின்றாய்.

"அந்தக் கண்ணு போயி நாளாச்சு மச்சான். அந்தப் பக்கம் உறை இருந்தாலும் இல்லாட்டியும் எனக்கு ஒண்ணுதான்."

ஆஸ்பத்திரியில் காட்டினாயா என்று கேட்டேன். மதுரையில் காட்டியாகிவிட்டதாம். அது இனித் திரும்பாத பார்வை என்று சொல்லிவிட்டார்களாம். இருக்கிற இடது கண்ணை வைத்துக்கொண்டு தலையைத் திருப்பித் திருப்பி ஓட்டியிருக்கிறாய். எவ்வளவு நாளாக என்று நான் கேட்கவில்லை, கேட்கவே பயமாக இருந்தது. சித்திரை பிறந்து சீசன் தொடங்கவிருந்த நேரம். இந்த ஒரு சீசன் மட்டும் ஓட்டிக்கிறேன், மகளுக்கு முடிக்கணும் என்றாய். நீ யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று என்னிடம் கெஞ்சினாய்.

"வேணாம்லே. பின்னால பச்சப்பிள்ளைகள ஏத்திட்டுப் போறோம். சாவியக் குடு."

நான் சொன்னது சரிதான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். நீ சாவியை என் கையில் தரவில்லை. பானெட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தாய். வண்டி எப்பவும் பாதி ஒன்னோடதுதான் என்று பின்னாலிருந்து கத்தினேன். வருமானத்துக்காகவா நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய்? சீசன் முடியும்வரை என் வீட்டுப் பக்கமே வரவில்லை. இரண்டு ஆள் ஓட்டிய வண்டியை நான் ஒற்றையாக ஓட்டினேன். ஏரியைச் சுற்றி, தூண்பாறைக்கு, கீழே ரயிலடிக்கு, மறுபடி மேலே. அந்த வருஷம் முதுகில் ஏறிய வலி இன்னும் இறங்கவில்லை. உன்மேல் கோபமாகவும் இருந்தது. நீ இல்லாமல் ஸ்டாண்டில் டீ குடிக்கவும் பிடிக்கவில்லை.

மழை பிடித்த பிறகு ஒருநாள் வெள்ளனே வந்து நின்றாய். கக்கத்தில் இரண்டு புது உறை. மேலே ரெக்சின், உள்ளே பழைய கம்பளித் துணி, மெழுகுவத்தியில் இழுத்த நூல். ஒற்றைக் கண்ணால் தைத்த தையல் நம் மலை ரோடு மாதிரி வளைந்து வளைந்து போனது. வலது உறையில் மட்டும் மகளின் தாவணியில் வெட்டிய ஒரு சிவப்புத் துண்டு. இது என்ன, என்னைக் குத்திக் காட்டவா என்று கேட்டேன்.

"அது என்னத்துக்கு? இப்ப நீ ஒத்தையா ஓட்டுற. அசந்துருவ. அசதியில கண்ணு தெறந்திருக்கும், ஒண்ணும் தெரியாது. செவப்புன்னா தெரியும்."

அவ்வளவுதான் நம் சமாதானம். உள்ளே வந்து டீ குடித்தாய். உன் மகள் கல்யாணத்துக்கு, பண்ணைக்காட்டில் ஜீப் ஓட்டும் அந்த மாப்பிள்ளையை இந்த வண்டியில்தான் அழைத்து வந்தோம். நீ முன் சீட்டில் இடது பக்கம், உறைகளை மடியில் வைத்துக்கொண்டு, பட்டுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாய். போன மார்கழியில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியபோது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதே வண்டிதான். அவ்வளவு அவசரத்திலும் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளப்பினேன். திரும்பி வரும்போது தட்டினேனா என்று நினைவில்லை.

மச்சான், எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது. மத்தியானம்வரை உட்கார்ந்து, பேப்பரில் அளவெடுத்து, வெட்டி, விரலெல்லாம் குத்திக்கொண்டு ஒரு வழியாகத் தைத்து முடித்தேன். கிழிந்த உறையிலிருந்து உன் சிவப்புத் துணியைப் பிரித்தேன். வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டது. ஆனாலும் தெரிகிறது. அதையே வலது பக்கப் புது உறையில் வைத்துத் தைத்து, இரண்டையும் கண்ணாடிகளில் மாட்டி, பழையவற்றை என் பையில் போட்டுக்கொண்டேன். மரத்தில் ஒரு குரங்கு முழு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

தைக்கும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். உனக்குக் கண் போனது. எனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உறையோடு வண்டியை எடுத்துவிட்டேன். வாசலிலேயே நின்றது உன் புண்ணியம். அன்றைக்கு உன்னிடம் சாவியைக் கேட்க நான் இருந்தேன். என்னிடம் கேட்க யார் இருக்கிறார்கள்?

சாயங்காலம் உன் மாப்பிள்ளையை வரச் சொல்லியிருந்தேன். வந்தான். சாவியை நீ வைத்த அதே இடத்தில், பானெட்டின் மேல் வைத்தேன். இனிமே நீ ஓட்டு மாப்ள, மாமாவோட பாதியையும் என்னோட பாதியையும் சேர்த்து ஓட்டு என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். இடது உறையைக் கழற்றினான், வலது உறையைக் கழற்றினான், சட்டைப் பையில் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் சாவியை எடுத்தான். நான் சொல்லித் தரவில்லை. நீ எப்போதோ சொல்லியிருக்கிறாய்.

வண்டி திரும்பி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். கை தானாகப் போய் என் பையைத் தட்டியது. நீ தைத்த பழைய உறைகள் உள்ளே கனத்தன. ரெண்டும் கைக்கு வந்துவிட்டது மச்சான். சாவிதான் இல்லை.