பழனி மொட்டை

ஞாயிறு, இரவு.

"ஏனுங்க டீச்சர், பழனிக்குப் போயிட்டு பஞ்சாமிர்தம் இல்லாமயா வந்தீங்க?" என் தங்கையைப் பார்க்க வந்த பனியன் கம்பெனித் தோழி கேட்டாள். புற்றுநோய் மருந்தால் தங்கைக்கு முடி கொட்டியதை, வேண்டுதல் மொட்டை என்று ஊரெல்லாம் சொன்னவள் நான்தான். நோயை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

"தீந்து போச்சு கண்ணு" என்றேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை, நோட்டு வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் பயப்படுமே, அப்படி நின்றேன்.

தோழி போனதும் தங்கை சிரித்தாள். "அடுத்த மாசமும் இதே மொட்டைதான் இருக்கும். அப்ப எந்தச் சாமிக்கு, அக்கா?"

அவளோடு சேர்ந்து சிரித்தேன். அழுவதற்கு இந்த வீட்டில் இடமில்லை, வெளியே சொல்லவும் வழியில்லை.

டீச்சரே, நாளை தங்கையை ஊசிக்குக் கூட்டிப் போகும்போது, எல்லாம் தெரிந்த அந்த நர்சிடமாவது, "எனக்கு முடியலீங்க" என்று ஒரு தடவை சொல்லிப் பார்.