துவைத்த பூதம்

சோமா,
டிசம்பர் 9

அன்பு மகள் சிப்பேகோவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது, மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. இதற்கு மேல் நல்ல செய்தி இல்லை. உட்கார்ந்து படி.

லுசாக்காவில் உன் அறைக் கூரை ஒழுகுகிறது, கண்காட்சி வரைக்கும் நனையாமல் வைத்திரு என்று பஸ்ஸில் ஒரு மூட்டை அனுப்பினாயே, அதைப் பிரித்துவிட்டேன். உள்ளே நீ செய்த மூன்று கண் பூதப் பொம்மை. துணி, கம்பி, துருப்பிடித்த சோடா மூடியில் கண்கள், மேலெல்லாம் சாம்பல். மகள் வீட்டுக்கு அழுக்குத் துணி அனுப்பினால் தாய் என்ன செய்வாள்? நனையக் கூடாதென்று நீ அனுப்பியதை வாளியில் முக்கி, சோப்புத்தூள் போட்டுக் கசக்கினேன். துருக்கறை பிடிக்குமென்று கண்களைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். கொடியில் தொங்கவிட்டபோது பளிச்சென்றுதான் இருந்தது.

அப்புறம் மூட்டையை உதறினேன். ஒரு கோகோ டப்பா விழுந்தது. காலி. மூடியில் உன் ஏழு வயதுக் கையெழுத்து: "என் நோட்டு. அம்மா எரித்தது."

உனக்கு அப்போது ஏழு வயது. கனவில் ஒரு பூதம் வருகிறது என்று நீ சொன்னதும், அது சாத்தான் என்று ஜெபக்கூட்டத்துப் பெண்கள் என்னைப் பயமுறுத்தினார்கள். "அது கெட்டது இல்லம்மா, நான் தூங்குறப்ப கதவுகிட்ட காவலுக்கு உக்காந்திருக்கும்" என்று நீ அழ அழ, அதை வரைந்த நோட்டைக் கரியடுப்பில் போட்டேன். அந்தச் சாம்பலை நீ அள்ளி வைத்தது எனக்குத் தெரியாது. இருபது வருடம் பத்திரமாக வைத்திருந்து பூதத்துக்குப் பூசியிருக்கிறாய். எரித்தது போதாதென்று, அதையும் கழுவிப் பூசணிக்கொடிக்கு ஊற்றிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது மகளே.

பக்கத்து வீட்டு மூங்காவின் அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னடி, சாத்தானைத் துவைச்சுக் காயப்போட்டிருக்கே?" என்றாள். அவளும் அந்த ஜெபக்கூட்டம்தான். "வாயைக் கழுவு. அது என் பேரன்" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

குப்பையைக் கிளறி இரண்டு கண்ணை எடுத்துத் தைத்துவிட்டேன். மூன்றாவது கிடைக்கவில்லை. என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைப் பொத்தானை வைத்திருக்கிறேன், கொஞ்சம் கோணல். வேறு சாம்பலைப் பூசி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் அந்த நோட்டைப் பார்த்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். எரிக்குமுன் எல்லாப் பக்கத்தையும் நான் புரட்டினேன். கடைசிப் படத்தை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் கரித்துண்டால் வரைந்திருக்கிறேன். கைக்குழந்தையாக உன்னை நான் முதுகில் கட்டித் தூக்கிய, நீலக்கோழி அச்சிட்ட துணியால் பூதம் தன் முதுகில் ஒரு ஆளைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறது. அந்த ஆள் நீ இல்லை, நான். "அம்மாவுக்குக் கால் வலிக்குது" என்று கீழே எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் எரித்தேன்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். பூதத்தை பஸ்ஸில் அனுப்ப மாட்டேன். திட்டுவதானாலும் நேரில் வந்து திட்டிவிட்டு, நீயே எடுத்துக்கொண்டு போ. அதுவரை அது என் கதவருகில் உட்கார்ந்திருக்கும்.

உன் அம்மா