வெட்டு என்ற சொல்

1996 பெப்ரவரி 11, ஞாயிறு

மகனுக்கு வேலை போனதைக் கேட்டு நான் மயங்கி விழுந்ததாகக் கட்டடம் முழுக்கப் பேசுகிறார்கள். அது பிழை. நான் மயங்கவில்லை, உட்கார்ந்தேன். காரணமும் வேலையல்ல.

என் மகன் ரமணனோடு படித்த பெடியனின் தாய் வசந்தி, நேற்றுக் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் என்னைக் கண்டாள். "அக்கா, ரமணனைப் போலந்தில வெட்டிப்போட்டாங்களாம்."

"ஆர் வெட்டினது? உயிர் இருக்கோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ அக்கா, கூடைப்பந்து ரீமில இருந்து கட் பண்ணிப்போட்டாங்கள். இங்கிலீஷ் கலந்தால் நீங்கள் ஏசுவியள் எண்டுதான் தமிழில சொன்னனான். மார்கழியிலயே நடந்தது. உங்களுக்குத் தெரியாதே?"

தெரியாது. அப்போதுதான் உட்கார்ந்தேன். அமெரிக்கக் கல்லூரியில் கூடைப்பந்து ஆடிப் பட்டமும் பெற்ற பிள்ளை, அதையே தொழிலாக்கப் போலந்து போனான். போன ஞாயிறுகூடத் தொலைபேசியில், "பிராக்டிஸுக்கு நேரமாச்சு அம்மா, வைக்கிறன்" என்றான். முழங்கால் கவனம் என்றேன்.

விமான நிலையத்தில் வைத்து, தோற்றுப்போய்த் திரும்பி வராதே என்று சொன்னவள் நான். அதைப் பிள்ளை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டான்.

இன்று வழக்கமான நேரத்தில் அவன் அழைத்தபோது மணி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பொய்யை அவனைச் சொல்ல வைக்க மனமில்லை. பிறகு பழைய விலாசத்துக்கே கடிதம் எழுதினேன். அங்கே இருக்கிறானோ தெரியாது. நான்கு தாள்களைக் கிழித்தபின் மிஞ்சியது இவ்வளவுதான்:

ரமணன், எனக்கு எல்லாம் தெரியும். வீட்டுக்கு வா. எப்போது வருகிறாய் என்று உன் கையால் எழுதிப் பதில் போடு.