இரவுச் சோறும் என் நேர்ச்சையும்

ஆகஸ்ட் 13, புதன்

ஜெபமாலைக்குப் பிறகு கூட்டத்தில் இருந்தவர்கள்: தலைவர் அந்தோணி அண்ணன், அவர் தம்பி சேவியர், ரீட்டாக்கா, என் வீட்டுக்காரர், நான். வேளாங்கண்ணிக்கு நடக்கும் நாற்பது பேருக்கு இரவுச் சாப்பாடு என்ன என்பதே பேச்சு.

வழியில் இட்லி சொல்லிவைக்கலாம், இல்லையென்றால் தங்கும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து உப்புமா கிண்டலாம் என்றேன். எவ்வளவு ரவை வேண்டும் என்று எழுதியே கொண்டுபோனேன். அந்தோணி அண்ணன் தாளைத் தொடவில்லை.

"நாள் முச்சூடும் நடந்துட்டு உப்புமாவா? சோறு வோணும்மா. நீ சாமான் வண்டில முன்னாடி பூடு. நாங்க வர்றதுக்குள்ள வடிச்சி வெச்சிடு."

"நான் நடக்கறேன்னு நேந்துகினு கீறேன், அண்ணே."

"பசிச்சவனுக்குச் சோறு போட்டா மாதா இன்னா கோச்சிக்கவா போறாங்க?" என்று சேவியர் சிரித்தார்.

வண்டியில் கால் வைத்தாலே நேர்ச்சை முறிந்துபோகும். சேவியருக்கு அது தெரியாதா? போன வருஷம் கால் முழுக்கக் கொப்புளம், அப்போதும் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து நடந்தவர்தானே.

அவர்கள் பேசியதைக்கூட விட்டுவிடுவேன். "அவ வண்டில போவா" என்று முடித்துவைத்தது என் வீட்டுக்காரர். இவர் போன படகு மூன்று நாள் கரைக்கு வராதபோது, இவருக்காக நேர்ந்துகொண்ட நடை அது. இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்.

காலையில் டீயோடு இவரிடம் இதைக் கேட்பேன்: கரைக்கு வந்தது நீங்கள். நான் நடக்கலாமா, கூடாதா? ஞாயிறு பூசைக்கு முன் பதில் சொல்லுங்கள்.