கல்லறையைத் தாண்டி வந்த பஸ்

இன்றைக்குக் காலையில் மக்கள்தொகை கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். நம் குப்பத்துப் பஸ்ஸிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இறங்கினாள். நம் பெண்களின் இறால் கூடைகள் அந்த வண்டியை அப்படி ஆக்கி வைத்திருக்கின்றன. எனக்கோ அந்த வாசனை வந்ததுமே உன் ஞாபகம். நீ கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. பஸ் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்போதெல்லாம் அது பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறையோடு திரும்பிவிடும். அதுவரைக்கும் நாம் இருவரும் தலையில் கூடையோடு மணலில் நடப்போம். பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மீன் வாடிவிடும். "செத்துப்போன டச்சுக்காரனுக்கு வாசல்லயே பஸ்ஸு. உசுரோட கீற நமக்கு இல்ல. இன்னா நியாயம் இது?" என்று தினமும் அந்த வாசலில் நின்று திட்டுவாய்.

பத்தாவது படித்தவள் என்று என்னை மனு எழுத வைத்தாய். பொன்னேரி ஆபீசில் அதிகாரி காகிதத்தைப் புரட்டிவிட்டு, "உங்க குப்பத்துல ஆளே கம்மியா இருக்கேம்மா, பஸ் எப்படி விடறது?" என்றார். உனக்கு வந்ததே கோபம். ஆனால் தப்பு நம்முடையதுதான். தண்ணீரில் இருக்கிறவர்களை எண்ணினால் ஆகாது, கரை திரும்பமாட்டார்கள் என்று, யார் கணக்கு கேட்டாலும் கரையில் நிற்பவர்களை மட்டும்தான் சொல்வோம். கேட்க வருகிறவர்களும் காலையில்தான் வருவார்கள், ஆண்கள் எல்லாரும் கடலில் இருக்கும் நேரம். பாதி ஊர் காகிதத்திலேயே ஏறவில்லை.

மறுபடி எண்ண ஓர் ஆளை அனுப்பினார்கள். அன்றும் படகுகள் கடலில். மனு எழுதிய நானே வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி ஆறு மாசம், என் வீட்டுக்காரரும் கடலில். நீதான் முன்னால் வந்தாய்.

"எழுதிக்கோ சார். எங்க வூட்ல கரையில மூணு, கடல்ல ரெண்டு. என் வூட்டுக்காரரு, அவரு தம்பி."

"வாய மூடுடி பாவி" என்று உன் மாமியார் கத்தினார். நீ நிறுத்தவில்லை. வீடு வீடாக எல்லார் ஆண்களையும் எண்ணி எழுத வைத்தாய். என் வீட்டுக்காரரையும்தான்.

அதன்பிறகு யாரும் உன்னிடம் பேசவில்லை. நானும்தான், ஒப்புக்கொள்கிறேன். மதியத்துக்கு மேல் காற்று எழும்பியது. நீ கஞ்சிகூடக் குடிக்காமல் கரையிலேயே நின்றாய். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் படகுதான் கடைசி. அது மணலைத் தொட்டதும் என்னிடம் திரும்பி, "இப்ப எண்ணிக்கோடி, கணக்கு சரியா கீதான்னு பாரு" என்றாய். உன் குரல் நடுங்கியது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பஸ் முதல்முறை நம் குப்பத்துக்கு வந்த நாளில், பழக்க தோஷத்தில் கண்டக்டர் "கல்லறை, எறங்கு எறங்கு" என்றார். முன் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த நீ அசையவே இல்லை. "நாங்க உசுரோட கீறவங்க, ஊருக்குப் போறோம்" என்றாய். உன் பக்கத்து சீட்டில் இருந்தது நான். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் குறையவில்லை.

"வீட்ல எத்தனை பேர்ம்மா?" என்று கேட்டாள் இன்று வந்த பெண். மகன் விடியற்காலையில் கடலுக்குப் போயிருந்தான்; வயசாகிவிட்ட வீட்டுக்காரர் திண்ணையில் இருந்தார். மருமகள் என் முகத்தையே பார்த்தாள்.

"நாலு பேரு. கரையில மூணு, கடல்ல ஒண்ணு. அவனையும் சேத்து எழுதிக்கோம்மா" என்றேன்.

பிறகு கரையில் அன்று நீ நின்ற இடத்தில் போய் நின்றேன். இதை எழுதும்போது மகன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நாலு பேரும் இருக்கிறோம்.